கடலோரத்தில் இன்ஃபினிட்டி நீச்சல் குளம்: புதுச்சேரி, கடலூர்ப் பகுதிகளில் கட்ட நினைப்போருக்கு ஒரு வழிகாட்டி

பாகூர் ஏரி நிரம்பிக் கலிங்கில் நீர் வழிவதைப் பார்த்தவர்களுக்கு இன்ஃபினிட்டி குளத்தின் இயக்கத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கச் சுவரை மற்ற மூன்று பக்கங்களைவிடச் சற்றுத் தாழ்வாக வைத்தால், அதன் தலைமீது நீர் மெல்லிய படலமாக வழியும். எதிரே அமர்ந்திருப்பவர் கண்ணுக்குச் சுவர் தெரியாமல் குளத்து நீரும் கடலும் ஒன்றாகத் தோன்றும். ஏரியில் கலிங்கு தாண்டிய நீர் அடுத்த ஏரிக்குப் போய்விடும். இங்கே சொட்டு விடாமல் கீழே ஒரு தொட்டியில் பிடித்து, பம்பு வைத்துத் திரும்ப மேலேற்ற வேண்டும். குளம், தாழ்ந்த விளிம்புச் சுவர், அதன் அடியில் உள்ள ஏற்புத் தொட்டி ஆகிய மூன்றும் சேர்ந்ததே இன்ஃபினிட்டி குளம். தளத்தில் இந்தத் தொட்டியைக் கேட்ச் டேங்க் என்றோ பேலன்சிங் டேங்க் என்றோ சொல்வார்கள்.

கட்டுபவர்களில் பெரும்பாலோர் குளத்தின் டைல்ஸுக்குத் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அந்தத் தொட்டியில் கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். நான் பழுது பார்க்கப் போன குளங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் நோய் தொட்டியில்தான் இருந்தது. மீதியில் விளிம்பின் மட்டத்தில் இருந்தது. ஆகவே இந்தக் கட்டுரையும் அந்த இரண்டிடங்களில் கூடுதலாக நிற்கும்.

இடத்தைத் தேர்தல்

வரைபடம் போடுவதற்கு முன் இரண்டு சவுக்குக் கழிகளையும் ஒரு நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு தளத்துக்குச் செல்லுங்கள். விளிம்பு வரப்போகும் இடத்தில் கழிகளை நட்டு, நினைத்த உயரத்தில் நூலை இழுத்துக் கட்டுங்கள். பிறகு, வீடு கட்டி முடிந்ததும் எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்களோ அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு அமருங்கள். நூலுக்கு மேலே கடலோ வானமோ தெரிந்தால் அந்த உயரம் சரி. பக்கத்து மனையின் காம்பவுண்டுச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தால் விளிம்பை உயர்த்த வேண்டும், திசையை மாற்ற வேண்டும், அல்லது இந்த ஆசையையே விட்டுவிட வேண்டும். பத்து நிமிட வேலை. கணினியில் வரையும் முப்பரிமாணப் படங்கள் காட்டாத உண்மையை இந்த நூல் காட்டிவிடும்.

கடலூரில் கேப்பர் மலைச் சரிவு போன்ற இடங்களில் நிலமே இறங்கிச் செல்வதால் விளிம்பு இயல்பாக அமைந்துவிடும். கடற்கரையை ஒட்டிய சமதளத்தில் குளத்தையே தரையிலிருந்து ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ உயர்த்தினால்தான் நீர் விழ இடம் கிடைக்கும். அப்படி உயர்த்துவது இங்கே நன்மையாகவும் முடிகிறது. காரணத்தை நிலத்தடி நீரைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

ஏற்கெனவே கட்டிய வீட்டின் மொட்டை மாடியில் வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஆட்கள் நடமாடும் மாடிக்கு நம் தர விதிகள் எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. 1.3 மீட்டர் ஆழத்து நீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 1,300 கிலோ. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்தது காற்று. நம் கடல் கிழக்கே இருக்கிறது. எனவே விளிம்பும் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே அமையும். பிற்பகலில் கடலிலிருந்து வீசும் கொண்டல் நீரை விளிம்பிலிருந்து பின்னோக்கித் தள்ளுவதால் படலம் இடையிடையே அறுந்து, சுவர் திட்டுத் திட்டாகக் காய்ந்து தெரியும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும்போது நேர்மாறாக, நீர் தொட்டியைத் தாண்டித் தோட்டத்தில் தெறிக்கும். முதல் தொல்லைக்கு மருந்து பம்பில் கூடுதல் திறன். இரண்டாவதற்கு மருந்து அகலமான தொட்டி. விழும் உயரம் அதிகமாக அதிகமாகத் தொட்டியின் அகலமும் கூட வேண்டும். திறந்த கடலோரத்தில் 80 சென்டிமீட்டருக்குக் குறைவான அகலத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அனுமதி

கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் உயர் ஓத எல்லையிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்குள் வரும் என்பதால், மனை எந்த வகைப்பாட்டில் உள்ளது என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். புதுச்சேரியின் எல்லைகள் தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. நகரத்தை ஒட்டியே இருக்கும் கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பதையே முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மண்ணும் அடிநீரும்

மண் பரிசோதனை செய்யாமல் குளம் கட்டக் கூடாது. மேட்டுப் பகுதிச் செம்மண் பொதுவாகத் தாங்கும். நிரவிய மண் தாங்காது. வயல் களிமண் கோடையில் சுருங்கி மழையில் விரியும். சாதாரணக் குளம் ஒரு பக்கம் அரை சென்டிமீட்டர் இறங்கினால் யாருக்கும் தெரியாது. இன்ஃபினிட்டி குளத்தில் அதே அரை சென்டிமீட்டரால் விளிம்பின் ஒரு முனை வறண்டு மறு முனை கொட்டும். சிங்கப்பூரில் மரினா பே சாண்ட்ஸ் கட்டடத்தின் 57ஆம் தளத்தில் உள்ள பெரிய குளத்தின் அடியில், கோபுரங்கள் அமிழ்வதற்கு ஏற்ப மட்டத்தைத் திருத்திக்கொள்ள ஜாக்கிகளையே வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. குளத்தையும் ஏற்புத் தொட்டியையும் ஒரே அடித்தளத்தில் அமைத்து, இரண்டும் சேர்ந்து அசையும்படி செய்வதுதான் நம்மால் ஆவது.

நிலத்தடி நீரைச் சித்திரையில் குழி தோண்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கார்த்திகையிலோ மார்கழியிலோ பக்கத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். அதுதான் உங்கள் கணக்குக்கு உரிய மட்டம். கடலோர மணற்பாங்கில் மழைக்காலத்து நீர் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் வந்துவிடுவதும் உண்டு.

இதன் ஆபத்தை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள குளத்துக்குத் தரையும் சுவரும் 20 சென்டிமீட்டர் கனம், சுவரின் உயரம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 44 டன். தரைத்தளத்தின் அடிப்பரப்பு ஏறத்தாழ 46 சதுர மீட்டர். அடிநீர் அந்தத் தளத்தின் அடிப்புறத்துக்கு மேல் ஒரு மீட்டர் ஏறினாலே 46 டன் விசையோடு குளத்தை மேலே தள்ளும். குளத்தில் நீர் நிறைந்திருந்தால் கவலை இல்லை. காலியாக இருந்தால் அது படகு.

இது ஏட்டுக் கணக்கு அன்று. சில ஆண்டுகளுக்கு முன் அரியாங்குப்பத்துக்குத் தெற்கே ஒரு தோட்ட வீட்டில், விருந்தினர் வருகிறார்கள் என்று கார்த்திகை மாதத்தில் குளத்தை இறைத்துக் கழுவியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஒரு மூலை நான்கு விரற்கடை உயர்ந்திருந்தது. சுற்றுத்தளத்துக் கல் பிளந்து, பம்பிலிருந்து நீரைக் குளத்துக்குக் கொண்டுவரும் திரும்பு குழாய் இணைப்பிலேயே முறிந்திருந்தது. அந்தக் குளத்தைச் சரி செய்ய முடியவில்லை, உடைத்துத்தான் எடுத்தார்கள்.

எனவே தரைத்தளத்தின் கீழே 15 சென்டிமீட்டர் ஜல்லி அடுக்கு பரப்பி, அதில் துளையிட்ட பி.வி.சி. குழாயை ஓடவிட்டு, ஒரு மூலையில் மேலே எழும் அகலமான குழாயோடு இணைத்துவிடுங்கள். ஒரு குச்சியை விட்டுப் பார்த்தால் அடிநீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரியும். வேண்டும்போது சிறு மோட்டாரை இறக்கி இறைக்கவும் முடியும். அடிநீரின் அழுத்தம் மிகும்போது திறந்து அதைக் குளத்துக்குள் விடும் அழுத்த விடுவிப்பு வால்வைத் தரையில் பொருத்துவதும் தேவைதான். ஆனால் மணல் அடைத்துக்கொள்ளும் அந்த வால்வை மட்டும் நம்பிக் குளத்தைக் காலி செய்யக் கூடாது. குளத்தைத் தரைக்கு மேல் உயர்த்துவது நன்மை என்று சொன்னதற்கும் இதுவே காரணம்: உயர்த்திய அளவுக்கு அடிநீரின் பிடியிலிருந்து குளம் விலகி நிற்கும்.

நீரின் கணக்கு

அதே 10 மீட்டர் விளிம்பையே எடுத்துக்கொள்வோம். விளிம்பின்மேல் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு நீர் வழிய மணிக்கு ஏறத்தாழ 11,000 லிட்டர் தேவை. 6 மில்லிமீட்டருக்கு 31,000 லிட்டர். 10 மில்லிமீட்டருக்கு 66,000 லிட்டர். கனம் இரட்டித்தால் நீர் இரட்டிப்பதோடு நிற்பதில்லை, ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. சராசரி 1.3 மீட்டர் ஆழமுள்ள அந்தக் குளத்தின் கொள்ளளவு 52,000 லிட்டர். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதும் வடிகட்ட மணிக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் லிட்டர் போதும். விளிம்பு கேட்பதோ அதைப்போல் மூன்று மடங்கு. இரண்டு வேலைக்கும் ஒரே பம்பு வைத்தால் வடிகட்டியின் மேல் தாங்காத சுமை விழும், அல்லது விளிம்பு பட்டினி கிடக்கும். வடிகட்டலுக்கு ஒன்று, விளிம்புக்கு ஒன்று எனத் தனித்தனியாக வையுங்கள். விளிம்புப் பம்பு வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாக இருந்தால், காற்றில்லாத காலையில் குறைத்தும் பிற்பகலில் கூட்டியும் ஓட்டலாம். ஆட்கள் இல்லாதபோது நிறுத்தியே வைக்கலாம்.

இனி, தொட்டி. பம்பை இயக்கியதும் குளத்தின் மட்டம் முழுவதும் 6 மில்லிமீட்டர் உயர வேண்டும். 40 சதுர மீட்டர் பரப்புக்கு அது 240 லிட்டர். குழாய்களும் சுவரில் இறங்கும் படலமும் இன்னும் ஒரு 100 லிட்டர் கேட்கும். இந்த 340 லிட்டரும் தொட்டியிலிருந்துதான் வர வேண்டும். எட்டுப் பேர் குளத்தில் இறங்கினால், ஆளுக்கு 70 லிட்டர் வீதம் 560 லிட்டர் விளிம்பைத் தாண்டித் தொட்டிக்கு வரும். 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் குளத்தின் பரப்பும் தொட்டியின் பரப்புமாக 2,400 லிட்டர். விளிம்பின் முழு நீளத்துக்கும் 80 சென்டிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் கொண்ட தொட்டி கட்டினால் 8,000 லிட்டர் கொள்ளும். பம்பு ஓடாதபோது அதில் 45 சென்டிமீட்டர் நீர் நிற்கட்டும். மிகுதி நீர் வழிந்து போகும் வெளியேற்று குழாயை 85 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். மேலே சொன்ன ஆட்களும் மழையும் சேர்ந்து வந்தாலும் 37 சென்டிமீட்டர்தான் ஏறும், தொட்டி தாங்கும்.

புயல் மழையை எந்தத் தொட்டியும் தாங்காது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நம் குளத்துக்கு அது 21,000 லிட்டருக்கு மேல். ஆகவே வெளியேற்று குழாய் 110 மில்லிமீட்டருக்குக் குறையாமல், தடையின்றி வடிகாலுக்குச் செல்ல வேண்டும். பம்பு அறையில் அந்த நீர் புகாதபடி வாசலில் படிக்கட்டுத் தடுப்பும், தரையில் ஒரு சிறு குழியும், அதில் தானாக ஓடும் மோட்டாரும் இருக்க வேண்டும்.

புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தொட்டியில் நீர் குறைந்தால் தானே நிரப்பும் மிதவை வால்வை எந்த உயரத்தில் வைப்பது? என் முதல் வேலையில், பம்பு ஓடாதபோது நீர் நிற்கும் மட்டமான 45 சென்டிமீட்டரிலேயே வைத்தேன். பம்பு ஓடத் தொடங்கியதும் மட்டம் 4 சென்டிமீட்டர் இறங்கும். உடனே வால்வு திறந்து 340 லிட்டரை நிரப்பிவிடும். பம்பு நின்றதும் குளத்திலிருந்து இறங்கும் நீரால் தொட்டி அந்த அளவுக்குக் கூடுதலாக நிறையும். ஆட்களும் மழையும் சேர்ந்து வரும்போது மேலும் ஏறி, வெளியேற்று குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகும். தண்ணீர்க் கட்டணம் ஏன் ஏறுகிறது என்று உரிமையாளர் கேட்கும் வரை எனக்கு இது உறைக்கவில்லை. வால்வை ஓடும் மட்டத்துக்கும் கீழே, 35 சென்டிமீட்டர் அளவில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கான்கிரீட்

விளிம்புச் சுவருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற மூன்று சுவர்களைப் பெரும்பாலும் வெளியே மண் அணைத்து நிற்கிறது. இதற்கு அந்தத் துணை இல்லை. 1.4 மீட்டர் நீர் இந்தச் சுவரை ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ ஒரு டன் விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே கம்பியின் அளவையும் இடைவெளியையும் கட்டமைப்புப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். ‘நாங்க எப்பவும் இப்படித்தான் போடுவோம்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. நீர் தேங்கும் கான்கிரீட் கட்டுமானங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3370. கடலோர உப்புக்காற்றில் எம்30 தரத்துக்குக் குறையாத கான்கிரீட்டும், நீர்–சிமெண்ட் விகிதம் 0.45க்கு மிகாமலும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலவைக்கு எடுக்குமுன் பரிசோதியுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடற்கரைக்குப் பக்கத்துக் கிணறுகள் பல இந்தச் சோதனையில் தேறா.

தரைக்கும் சுவருக்கும் நடுவே வரும் இணைப்பில் நீர் கசியாமல் தடுக்கும் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப் பட்டை இல்லாமல் சுவர் எழுப்ப விடாதீர்கள். குழாய் நுழையும் இடங்களுக்கான உறைகளைக் கான்கிரீட் போடும்போதே பதித்துவிட வேண்டும். பிறகு துளையிட்ட குளம் அந்தத் துளையிலேயே ஒழுகும்.

வேலையைத் தையில் தொடங்குங்கள். பங்குனிக்குள் கான்கிரீட், ஆடிக்குள் டைல்ஸ், ஐப்பசி பிறக்கும்போது குளம் நிறைந்திருக்க வேண்டும்.

விளிம்பின் மட்டம்

6 மில்லிமீட்டர் படலம் வழியும் விளிம்பில் ஒரு முனை 3 மில்லிமீட்டர் உயர்ந்தும் மறு முனை 3 மில்லிமீட்டர் தாழ்ந்தும் இருந்தால், தாழ்ந்த இடத்தில் உயர்ந்த இடத்தைப்போல் ஐந்து மடங்கு நீர் வழியும். ஒரு முனையில் அருவி, மறு முனையில் கண்ணீர். முடிந்த வேலையில் முழு நீளத்துக்கும் வேறுபாடு 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதே என் அளவுகோல்.

கான்கிரீட்டில் இந்த நுணுக்கம் வராது. வர வேண்டியதும் இல்லை. சுவரின் தலையை 2 சென்டிமீட்டர் தாழ்வாக நிறுத்திவிட்டு, கடைசி மட்டத்தைப் பூச்சிலும் டைல்ஸிலும் கொண்டுவருவதே நடைமுறை. லேசர் மட்டக்கருவி, நீர் நிரப்பிய தெளிவான குழாயால் மட்டம் பார்க்கும் ட்யூப் லெவல் இரண்டுமே உதவும்; ட்யூபில் காற்றுக்குமிழி நிற்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இவை இரண்டையும்விட எனக்கு நம்பிக்கையான முறையை ஒரு வயதான மேஸ்திரியிடம்தான் கற்றேன். ‘தண்ணியே மட்டம் சொல்லும் சார், நாம ஏன் சொல்லணும்?’ என்றார் அவர்.

நீர்க்காப்புப் பூச்சு முடிந்ததும் ஒழுக்குச் சோதனைக்காகக் குளத்தை எப்படியும் நிரப்பத்தான் போகிறோம். சுவர்த் தலைக்கு ஒரு விரல் கீழே நீர் நிற்கும்படி நிரப்பிவிட்டு, மறுநாள் விடியலில், காற்று எழுவதற்கு முன் போங்கள். அந்த நேரத்தில் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அசையாமல் கிடக்கும். உள்பக்கச் சுவரில் நீர் தொடும் கோட்டை அரை மீட்டருக்கு ஒரு புள்ளியாகக் கூர்மையான பென்சிலால் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஒரே அளவு மேலே எடுத்தால் அதுவே விளிம்புக் கோடு. ஐந்தரை மணிக்குக் குறித்த கோட்டை எட்டு மணிக்குச் சரிபார்க்க முயன்றால், சிற்றலையில் இரண்டு மில்லிமீட்டர் ஆடும். அன்றைய வேலையை அதோடு விட்டுவிட வேண்டியதுதான்.

விளிம்பின் தலை தட்டையாக இருக்கக் கூடாது. ஒரே கோட்டில் முகடு இருக்கும்படி சரித்துவிட்டால், மட்டம் பிடிக்க வேண்டியது அந்த ஒரு கோட்டை மட்டும்தான். வெளிமுகத்தை அடிப்பக்கம் சற்று வெளியே தள்ளிச் சாய்வாகக் கட்டினால், நீர் சுவரை ஒட்டியே இறங்கும். தெறிப்பும் சத்தமும் குறையும். நிறத்தில் ஆழ்ந்த நீலமோ கருமையோ வானத்தை நன்றாகப் பிரதிபலிக்கும். ஆனால் கருநிற வெளிச்சுவரில் கடினநீரின் வெள்ளைப் படிவு பளிச்சென்று தெரியும் என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். டைல்ஸ் இடைவெளிகளை அடைக்க எபாக்ஸி கிரவுட் மட்டுமே.

குழாயும் மின்சாரமும்

மணிக்கு 31,000 லிட்டருக்கு உறிஞ்சு குழாய் 110 மில்லிமீட்டரும் திரும்பு குழாய் 90 மில்லிமீட்டரும் பொருந்தும். திரும்பும் நீரை ஒரே வாயில் விடாமல், விளிம்புக்கு எதிர்ச்சுவரின் அடிப்பகுதியில் நான்கைந்து வாய்களில் பிரித்து விட்டால் மேற்பரப்பு கலங்காது. திரும்பு குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால் மின்சாரம் நின்ற கணத்தில் குளத்து நீர் பம்பு வழியாகவே பின்னோக்கித் தொட்டிக்கு இறங்கி, அங்கிருந்து வடிகாலுக்குப் போய்விடும்.

உறிஞ்சு வாய்கள் ஒவ்வொரு பம்புக்கும் குறைந்தது இரண்டு, ஒரு மீட்டர் இடைவெளியில், வளைந்த மூடியோடு இருக்க வேண்டும். ஒற்றை வாயில் குழந்தையின் தலைமுடியோ கையோ சிக்கினால் பம்பின் விசையிலிருந்து இழுத்து எடுக்க முடியாது. விளக்குகள் 12 வோல்ட்டில் இயங்கட்டும். எல்லா மின் இணைப்புகளும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகச் செல்லட்டும். தொட்டியின் மேல் ஆள் ஏறி நின்றாலும் தாங்கும் கம்பி வலையோ சல்லடைத் தட்டோ போடுங்கள். விளிம்பில் ஏறி உட்காரும் சிறுவர்கள் தவறி விழுந்தால் அங்கேதான் விழுவார்கள்.

ஓட்டமும் பராமரிப்பும்

முதல் நிரப்புதலுக்குத் தொட்டியும் சேர்த்து ஏறத்தாழ 56,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஐந்து வேண்டும். சுவரில் வழிந்து காற்றோடு கலக்கும் நீரிலிருந்து கரியமில வாயு வெளியேறுவதால், நீரின் அமில–காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தானாகவே ஏறும். எனவே சாதாரணக் குளத்தைவிட அடிக்கடி சோதித்து 7.2க்கும் 7.8க்கும் நடுவே வைத்திருக்க வேண்டும். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம். சுற்றிலும் சவுக்குத் தோப்பு இருந்தால், ஊசி இலைகள், தொட்டியில் குப்பையைப் பிடிக்க வைக்கும் கூடையின் கண்களில் நெய்ததுபோல் செருகிக்கொண்டு பம்பை மூச்சுத்திணற வைக்கும். தொட்டிக் கூடையைத் தினமும் தட்டிக் கழுவ வேண்டியிருக்கும். பம்பை நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் தொட்டியில் தேங்கிய நீரில் கொசு முட்டையிடும்.

புயல் அறிவிப்பு வந்ததும் விளிம்புப் பம்பை நிறுத்தி மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். குளத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் இறைக்காதீர்கள்.

நீர் குறைகிறது என்ற ஐயம் எழுந்தால், ஒழுக்கா ஆவியாதலா என்பதை ஒரு வாளியால் கண்டுபிடிக்கலாம். பம்பை நிறுத்தி, குளத்து நீரை ஒரு வாளியில் மொண்டு, நீரில் பாதி மூழ்கும்படி படிக்கட்டில் வைத்து, வாளிக்குள் ஒரு கோடும் குளத்துச் சுவரில் ஒரு கோடும் போடுங்கள். மறுநாள் இரண்டிலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்த நீர். குளத்தில் கூடுதலாக இறங்கியிருந்தால் ஒழுக்கு குளத்தில்தான். இரண்டும் சமமாக இருந்து, பம்பு ஓடும் நாள்களில் மட்டும் நீர் குறைகிறது என்றால், குளத்தை விட்டுவிட்டுத் தொட்டியைப் பாருங்கள். பம்பு ஓடும்போது குளத்தின் மட்டம் ஒருநாளும் குறைவதில்லை. இழப்பு முழுவதும் தொட்டியில்தான் தெரியும். நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகும் கோடைநாளில் நம் கணக்குக் குளத்தின் தொட்டி மூன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கும். சுவரில் வழிவதால் இன்னும் சற்றுக் கூடலாம். மிதவை வால்வை மூடிவைத்துவிட்டு அளந்து பாருங்கள். பத்து சென்டிமீட்டர் இறங்கினால் முதலில் வெளியேற்று குழாயின் வாயையும், அடுத்துத் தொட்டியின் மூலை இணைப்புகளையும், கடைசியாகத் திரும்பு குழாயையும் சோதியுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டாவதிலேயே அகப்பட்டுவிடும்.